பொற்கொடிக்கு ஒரு ஜன்னல் சீட்

கம்பெனி பஸ்ஸில் சீட் கிடைத்த அடுத்த நிமிடமே ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். ஓசூர் பாகலூர் ரோட்டில் மாடி அறையில் குடியிருக்கும் வஜிஹாவுக்கு இது தெரியாத விஷயமல்ல. தினமும் அவள் ஜன்னலுக்குக் கீழேதான் ஷிப்ட் பஸ்கள் போகும். கண்ணாடியில் சாய்ந்த அந்தத் தலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, தனியாளாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்ய உட்கார்ந்தாள். கெலமங்கலத்தில் கம்பெனி பஸ்ஸை எடுத்து, வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஷிப்ட் தொடங்குவதற்குள் ஓசூர் கம்பெனி வாசலில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கேம்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். செய்து முடிக்க வருஷக்கணக்கில் ஆகிறது. அதுவரை ஜனங்கள் மறக்காமல் இருக்க வேண்டுமே! வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்ன வீடியோ போட்டாள். பனியில் விளக்கெரியும் பஸ், ரோஜாத் தோட்டத்து வளைவு. பார்த்தவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த அதிமேதாவி யோசனை உதித்தது. கமென்ட் போடுகிற ஒவ்வொருவர் பெயரிலும் பஸ்ஸில் ஒரு பயணி. கேட்கும் ஸ்டாப்பில் ஏறலாம், சீட்டும் உண்டு.

அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வஜிஹா ஒவ்வொருவரையும் வரைந்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தவர்கள் தங்கள் முகத்தை ஸ்டேட்டஸில் வைத்ததோடு சரி, அப்புறம் ஆளையே காணோம். தினமும் ஜன்னலில் பார்த்ததை இங்கே மட்டும் எப்படி மறந்தாளோ.

கடைசியில் மிஞ்சியவள் பொற்கொடி ஒருத்திதான். திருக்கோவிலூர்ப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் போகிறவள். எழுதப் பொறுமை கிடையாது, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

"அக்கா, இந்த வாரமாச்சும் எனக்கு சீட்டு போட்டீங்களா? நெஜ பஸ்லயும் நின்னுகிட்டுத்தான் போறேன், ஒங்க பஸ்லயும் நிக்க வெச்சிட்டீங்களே!"

"அடுத்த வாரம் கண்டிப்பா," என்பாள் வஜிஹா.

ப்ரொஃபைல் போட்டோவைப் பார்த்து அவளை எப்போதோ வரைந்தாகிவிட்டது. கொடுக்கத்தான் கை வரவில்லை. இவளும் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள்? கிருஷ்ணகிரியிலிருந்து பேசும் அம்மாகூட 'சாப்ட்டியா'வோடு நிறுத்திக்கொள்வாள். கேம் எங்கே வந்திருக்கிறது என்று கேட்க உலகத்தில் இந்த ஒரு குரல்தான் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பொற்கொடியின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கெழம ஹாஸ்டல காலி பண்றேன். ஊருக்குப் போயிட்டா இதெல்லாம் பாப்பனோ என்னவோ. ஒரு தடவ உக்காந்துட்டுப் போறேனே."

வஜிஹா அன்றே அவளை ஏற்றினாள். நல்ல சீட்டாகப் பார்த்து, ஜன்னலோரம். வீடியோ போன கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பின்னால் ஹாஸ்டல் பெண்களின் சிரிப்பு.

"ஐயோ, என் பச்ச துப்பட்டாகூட இருக்குதே! ஆனா பக்கத்து சீட்டு காலியா கெடக்குதுக்கா. நீங்க எந்த ஸ்டாப்புல ஏறுவீங்க?"

இத்தனை பேரை ஏற்றியவள் தன்னை ஏற்ற நினைத்ததே இல்லை. அடுத்த வாரம் முழுக்க அந்த ஒரு வேலைதான். தன் மாடிக்குக் கீழே ஒரு ஸ்டாப் வைத்தாள். பொற்கொடியின் பக்கத்து சீட்டைத் தன் பெயரில் போட்டாள். மற்ற எல்லோரும் கண்ணாடியில் சாய்ந்துதான் தூங்குவார்கள். பொற்கொடி மட்டும் வஜிஹாவின் தோளில் சாய்ந்து தூங்குவதாகப் புதிதாக வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை வீடியோவைப் போட்டு, "பொற்கொடி, நான் ஏறிட்டேன் பாரு" என்று எழுதினாள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பதில் வரவில்லை.

பிறகு கேமைத் திறந்து, கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து தன் ஸ்டாப்பில் நிறுத்தினாள். உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வஜிஹா ஏறி, பொற்கொடி விழித்துவிடாதபடி மெல்ல உட்கார்ந்தாள்.