டூ ஸ்ட்ரோக் இழுவை

உப்பளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டில் புது ஃபோர் ஸ்ட்ரோக் லோடு ஆட்டோ மூச்சு வாங்குமாம். அதனால் என் வீட்டுக்காரர் தனகோடி கூனிமேடு கிராமத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றைப் பிடித்தார். போன வருஷம் சுனாமித் தண்ணீரில் ஊறிய வண்டி. வாங்கும்போது மனுஷன் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிச் சத்தத்தை மட்டும்தான் சோதித்தார்.

"அடியில குனிஞ்சு பாருங்க, போல்ட்டெல்லாம் துருப்புடிச்சிருக்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நீ இழுவையப் பாருடி!" என்றார்.

இன்று முதல் லோடு. பின்தொட்டி நிறைய உப்பு மூட்டைகளை ஏற்றி, மேட்டடியில் ஒரே முறுக்காக முறுக்கினார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. தொட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் படபடவென்று அறுந்தன. தொட்டி மூட்டைகளோடு என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

மேலே போய் நிறுத்தியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினார்:

"பாத்தியாடி, லோடு இருக்கிறதே தெரியல!"