வீரம்மாவின் பேட்டரிச் சுருதி

ஊசிமலைத் தோட்டத்து மாதா கோயிலுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நடந்த திறப்பு விழாவைப் போல அந்த மலையில் ஒரு கல்யாணம்கூட நடந்ததில்லை. மஸ்கெலியாவிலிருந்து பந்தல் வந்தது, மேளம் வந்தது, தேர்தலுக்கு நிற்கப்போகிற ஒருவர் வந்தார். அவர் ரிப்பனை வெட்டி, தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி, கம்ப்யூட்டரின் கழுத்து என்று தாம் கருதிய இடத்தில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே அதற்குப் பூப்போட்ட துணியைப் போர்த்தி, அலுவலறையில் வைத்துப் பூட்டி, சாவியை மரியநாயகம் ஐயா கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

மரியநாயகம் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கந்தோரிலிருந்து மட்டும்தான். பெரிய கிளாக்கர் என்ற பதவியிலிருந்து அல்ல. கோயில் பாடகர் குழுவுக்கு அவரே தலைவர். கையில் வெள்ளைக் குச்சியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டுதான் பாட்டை நடத்துவார். யார் பாடவில்லை என்று தெரியாமலிருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்தக் கண் மூடலில் அதிகம் அடிபட்டவள் தெரேசா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்கு அவள் பொறுப்பு. கம்பனி அவளுக்கு ஒரு மூச்சில் சொல்லி முடியாத பதவிப் பெயர் கொடுத்திருந்தது. ஊர் அவளை டீச்சர் என்றது. பாடகர் குழுவில் அவள் இரண்டாம் குரல். அவளைத் தவிர இரண்டாம் குரலில் இருந்தவர்கள் எல்லாரும், தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கொழுந்துக்காரிகள். பாட்டின் மூன்றாவது வரி வந்ததும் அவர்கள் தங்கள் மெட்டை விட்டுவிட்டு, பச்சையைக் கண்ட ஆடுபோல முதல் குரலின் மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். குற்றம் ஆட்டிடம் இல்லை. ஐயா முதல் குரலை மட்டும் பாடிக் காட்டி, "மற்றதெல்லாம் இதுக்குக் கீழ வாறது, விளங்குதோ?" என்பார். கையில் கொடுத்த தாளிலோ, கோடு கோடாய், வால் வைத்த புள்ளிகள்.

"தலப்பிரட்டை நீஞ்சுறாப்பல இருக்கு. இதப் பாத்தா பாடச் சொல்றாரு?" என்பாள் அவர்களில் ஒருத்தியான வீரம்மா.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோயிலுக்கு நூறு வயது. மார்கழியில் ஆயர் வந்து பூசை வைப்பதாக ஏற்பாடு. நாலு குரலில் ஒரு பாட்டு. மேக்கணக்கு ஆட்கள் வழக்கம்போலத் தாவினால் மானம் போய்விடும் என்று கோயில் கமிட்டி கூடித் தீர்மானித்தது: ஹட்டனிலிருந்து பாடகர் குழுவை வரவழைப்பது, நம்முடையவர்களுக்குப் பின்வரிசை வாங்குப் பலகையில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பது.

தெரேசாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கோயில் கட்ட மேக்கணக்கிலிருந்து கல் சுமந்தவர்களின் பேத்திகள் பின்வாங்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? நடக்காது என்று முடிவு கட்டினாள்.

ஹட்டனில் கல்யாணக் கார்டு அச்சடிக்கிற கடையில் வேலை செய்த அவள் தம்பி அன்டன் ஒரு சீடி கொண்டுவந்தான். புள்ளியை எலியால் பிடித்துக் கோட்டில் வைத்தால் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். ஒரு குரலை மட்டும் தனியாகவும் வாசிக்கும். புள்ளிக்குக் கீழே டொ, ரே, மி என்று தமிழில் போட்டுக் கொட்டை எழுத்தில் அச்சும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் இருந்தது, சீடி இருந்தது. சாவிதான் கோட்டுப் பையில் இருந்தது.

முதல் தடவை கேட்டபோது, "இது கண்ட கண்ட ஆக்கள் தட்டுற சாமான் இல்லைப் பிள்ளை" என்றார் ஐயா. அடுத்த தடவை கேட்டபோது கோட்டையே மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது தடவை அவள் தனியாகக் கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி மொத்தமும் வாசலில் நின்றபோது கேட்டாள்.

"ஆயர் வந்தா கம்ப்யூட்டர் என்ன வேல செய்யுதுன்னு கேப்பாருங்களே ஐயா. துணி போத்திக்கிட்டு தூங்குதுன்னா சொல்றது?"

கமிட்டி ஐயாவைப் பார்த்தது. ஐயா வானத்தைப் பார்த்தார். சாவி வெளியே வந்தது.

"துணியை மட்டும் ஒழுங்கா மடிச்சு வைக்கவேணும்" என்றார், தோற்றதாகத் தெரியாமலிருக்க.

தெரேசா ஹட்டனில் சிஸ்டர்மாரிடம் படித்த நாளில் கொஞ்சம் ஓர்கன் பழகியவள். விரலால் கோட்டை எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தாள். தவறான இடத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் கூசாமல் அபஸ்வரம் வாசித்தது; ஐயாவுக்குப் பயந்து சரி என்று சொல்லவில்லை. அந்தக் குணம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாட்டு முழுதும் ஏறியதும், ஸ்பீக்கருக்கு முன்னால் கசெட் ரேடியோவை வைத்து ஒவ்வொரு குரலையும் தனித்தனிக் கசெட்டில் பிடித்தாள். இரண்டாம் குரலில் நடுவே, பக்கத்து அறையிலிருந்த கோயில் பாதரின் இருமல் ஒன்றும் ஏறிவிட்டது. மூச்சு வாங்க நல்ல இடம் என்று விட்டுவிட்டாள்.

முதல் குரல் கசெட் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்குப் போனது; அங்கேதான் ஐயாவின் மகள் ஜெரோமி மிஸ் தலைமையில் முதல் குரல் குடியிருந்தது. ஆண்கள் கசெட்டுகள் ஃபெக்டரிக்குப் போயின. இரண்டாம் குரல் மேக்கணக்கில் வீரம்மா வீட்டுக்கு.

"ஒங்க மெட்ட மட்டும் கேளுங்க. யாரு எங்கிட்டுப் போனாலும் நீங்க போகாதீங்க. யாரு நின்னாலும் நிக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். வேலை விட்டு வந்தவர்கள் சாயங்காலம் தோறும் வீரம்மா வீட்டில் கூடினார்கள். கொஞ்ச நாளில், கொழுந்துமலையில்கூட இரண்டாம் குரல் தாவாமல் கேட்டது.

எல்லோரும் சேர்ந்து பாடும் நாள் வந்தது. கமிட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஐயா கண்ணை மூடி, குச்சியைத் தூக்கினார்.

முதல் வரியிலேயே அவர் கண் திறந்துவிட்டது. குழுவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. முதல் குரல் ஒரு சுருதியில் போக, இரண்டாம் குரல் அதற்குக் கீழே வேறொரு சுருதியில், இறுதி ஊர்வலத்தின் நடையில் வந்துகொண்டிருந்தது. பழைய நாளாக இருந்தால் கொழுந்துக்காரிகள் பயந்து தாவியிருப்பார்கள். இப்போது தாவவில்லை. ஜெரோமி மிஸ் ஆமென் பாடி உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைத்தபோதும் அவர்கள் மூன்றாவது வரியில் அசையாமல் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பாதரின் இருமல் வந்த இடத்தில் ஒன்றாக மூச்சு வாங்கினார்கள்.

"போதும் வீரம்மாக்கா!" என்றாள் தெரேசா.

"யாரு நின்னாலும் நிக்காதீங்கன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்றாள் வீரம்மா, பாட்டை நிறுத்திய கோபத்தில்.

ஐயாவின் முகத்தில் துக்கமும் திருப்தியும் சரிபாதியாக இருந்தன. "கண்டனீரே? லயத்து ஆக்களுக்கு நாலு குரல் ஏறாதெண்டு நான் முந்தியே சொன்னனான். கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம். ஹட்டனுக்கு ஆளனுப்புவம்."

"வார ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க ஐயா. அப்பவும் சரியா வரலேன்னா நானே ஹட்டனுக்குப் போய்க் கூட்டிட்டு வாறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ஐயா சம்மதித்தார்.

மறுநாள் அவள் நேரே வீரம்மா வீட்டுக்குப் போனாள். அடுப்போரத்தில், கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில், நாலு பேட்டரி வரிசையாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

"இது என்னாக்கா?"

"பேட்டரி. வயசாயிருச்சு அதுக்கு. சூடு காட்டுனாத்தான் பாடும்." வீரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லால் ஒரு கடி கடித்து ரேடியோவுக்குள் போட்டாள். கசெட் சுற்றியது. தெரேசா பிடித்துக் கொடுத்த அதே மெட்டு, களைத்துப்போன எருமை மேடேறுவதைப்போல, கனத்த குரலில் இறங்கி இறங்கி வந்தது. அதற்குச் சரியாக வீரம்மா வாய் திறந்து பாடினாள். ஒரு மயிரிழை பிசகவில்லை.

தெரேசா சிரித்தாள். பிறகு தன்னையே வைதாள். குவார்ட்டர்ஸுக்குக் கரண்ட் உண்டு, ஃபெக்டரிக்கு உண்டு, மேக்கணக்கு லயத்துக்கு இல்லை. அது அவளுக்குத் தெரியாததா? பாடம் கேட்டவர்களிடம் பிழையில்லை. கேட்டதைக் கேட்டபடியே படித்திருந்தார்கள்.

"தப்பாப் படிச்சுட்டோமா டீச்சர்?"

"இல்லக்கா. நீங்கதான் சரி. மத்தவங்கள மாத்துறேன்."

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அலுவலறைக்குப் போய், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். ஒரு சுரம் இறக்கம்; வேகமும் அதற்கேற்றபடி. எலும்பில் ஏறியதை ஒரு வாரத்தில் இறக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு எலும்பு இல்லை. பாட்டு முழுவதையும் ஒரு சுரம் கீழே தள்ளி, வேகத்தை வீரம்மாவின் பேட்டரி அளவுக்குக் குறைத்தாள். இந்தத் தடவை குரல்களைத் தனித்தனியாக விடவில்லை. நாலையும் ஒன்றாக வைத்து, அவரவர் குரலை மட்டும் உரக்க வைத்தாள். கேட்கிற இடமும் ஒன்றே: பிள்ளைக் காம்பரா. அங்கே கரண்ட் இருந்தது. தாய்மார் எப்படியும் பிள்ளையைத் தூக்க வந்தாக வேண்டும்.

ஜெரோமி மிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தாள். "பேட்டரி எறங்கிப்போச்சுன்னு நாங்களும் எறங்கணுமா தெரேசா? நல்ல ஞாயமா இருக்கே!"

"ஒரு தரம் பாடிப் பாருங்க மிஸ். புடிக்கலேன்னா விட்டுருவோம்."

பாட்டின் உச்சியில் ஒரு சுரம் உண்டு. அதைத் தொடப் போகும்போதெல்லாம் மிஸ்ஸின் குரல் பூனை மிதிபட்டதைப்போல வரும். பெரிய கிளாக்கரின் மகள் என்பதால் அதை எல்லோரும் பக்தி என்றே சொல்லி வந்தார்கள். அன்று அந்த இடம் வந்தது. மிஸ் கண்ணை இறுக்கிக்கொண்டு மேலே எட்டினாள். சுரம் அங்கேயே இருந்தது. அவள் குரல் அதன்மேல் போய் மெத்தென்று உட்கார்ந்தது. தொட்டிலில் இருந்த பிள்ளை ஒன்றுகூட அழவில்லை.

மிஸ் கண்ணைத் திறந்தாள். "இன்னொருக்கா போடுங்க" என்றாள். அதற்குப் பிறகு, பழைய சுருதிதான் வேண்டும் என்ற ஐயாவை வீட்டிலேயே வைத்து அடக்கியது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாமல் கலைந்தது. ஹட்டனுக்கு யாரும் போகவில்லை.

ஆயர் வந்த அன்று பனி இறங்கிக் கோயில் கதவு வரை நின்றது. நாலு குரலும் முன்வாங்கில் எழுந்தன. மூன்றாவது வரியில் தெரேசா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை இடப்பக்கம் வைத்தாள். முதல் குரல் மேலே போனது. மேக்கணக்குக்காரிகள் அதைப் போகவிட்டுத் தங்கள் வழியில் நடந்தார்கள், தலைச்சுமையோடு இறக்கம் இறங்குகிற நிதானத்தில். பாதரின் இருமலுக்கு உரிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள். எல்லோரும் ஆமெனில் ஒன்றாக வந்து நின்றார்கள்.

பூசை முடிந்ததும் ஆயர், "டவுன்ல எல்லாரும் ஓட்டமாப் பாடுறாங்க. இந்த நிதானம் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"அது நான் கன நாள் யோசிச்சு எடுத்த வேகம், ஆண்டகை" என்றார் மரியநாயகம் ஐயா.

வீரம்மா தெரேசாவின் விலாவில் இடித்தாள். "ஏன் டீச்சர், அடுப்போரத்துல ஒக்காந்து யோசிச்சிருப்பாரோ?"

"சும்மா இருங்கக்கா. அவருக்கும் ஒரு குரல் வேணும்ல?"

ஆயரின் வாகனம் இறங்கிப் போன பிறகு ஐயா தெரேசாவைத் தேடிக்கொண்டு வந்தார். கையை நீட்டினார்.

"பிள்ளை, விசேஷம் முடிஞ்சுது. சாவியைத் தாரும்."

"பாஸ்கா திருநாள் பாட்டு இன்னும் ஏத்தலீங்களே ஐயா. அதுவும் நாலு கொரலு."

நீட்டிய கை, வேறு வேலைக்காக நீட்டியதுபோலத் தலையைத் தடவிக்கொண்டது.

"சரி. அந்தப் பூப்போட்ட துணியையாவது பத்திரமா வச்சிருக்கிறீரோ?"

"இருக்குங்க ஐயா. காம்பராவுல ஒரு பிள்ளைக்குத் தொட்டில்ல விரிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தெரேசா அலுவலறைப் பக்கம் நடந்தாள்.