‘வந்து’வுக்கு ஒரு மணி

சலவை நிலையத்தில் அவளுக்கு ‘மியூட் அக்கா’ என்று பெயர். பெயர் வைத்தவன் ‘ஸ்பீக்கர்’ என்று எல்லோரும் கூப்பிடும் சக தொழிலாளி. அவன் பக்கத்துத் தெருவில் இருப்பவனிடம் பேசுவதுபோலத்தான் பக்கத்து நாற்காலியில் இருப்பவனிடமும் பேசுவான். ஆண்டவன் அவனைப் படைத்தபோது சத்தத்தைக் குறைக்கும் குமிழை மட்டும் மாட்ட மறந்துவிட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் அவளை ஊமை என்பது அநியாயம். ஹோட்டல் விரிப்புகளும் மருத்துவமனைப் போர்வைகளும் ராட்சத டிரம்களில் ஒரே நேரத்தில் சுழலும் அந்தக் கூடத்தில் வாயைத் திறந்து ஒரு பயனும் இல்லை. எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரல் காட்டினால் இரட்டைப் படுக்கை விரிப்பு. மூக்கைத் தொட்டால் கறை போகவில்லை. கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால், ‘அப்படியே நிறுத்து, எவனாவது கையை உள்ளே விட்டுத் தொலைத்திருப்பான்’ என்று பொருள். அந்தப் பாஷையில் அவள் பெரிய வாயாடி. மேனேஜரின் நடையைப் பற்றி ஒரே ஒரு சுண்டுவிரலால் அவள் சொன்ன ஜோக்குக்கு மடிப்பு மேசையே குலுங்கியிருக்கிறது.

மெஷின்கள் நின்றால்தான் அவளுக்கு வினை. அந்த அமைதியில் நாலு பேர் தன்னைப் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: “அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை முடிவு பண்ணிடறேன். ஆசை இருக்கறவங்க எல்லார் முன்னாடியும் அஞ்சு நிமிஷம் பேசணும். பேசத் தெரியாதவங்க எப்படி ஆளுங்களை மேய்ப்பாங்க?”

ஸ்பீக்கர் கையைத் தூக்கினான். அவன் ஒருமுறை ஆபரேஷன் தியேட்டர் அங்கிகளை ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிவைத்தவன். மறுநாள் காலை அங்கே தங்கியிருந்தவர்கள் பச்சை அங்கியோடு நீச்சல் குளத்துக்குப் போனார்களாம். அவன் சூப்பர்வைசர் ஆனால் என்னவெல்லாம் எங்கெல்லாம் போகும் என்று யோசித்தபோது அவள் கையும் தானாக உயர்ந்துவிட்டது. உயர்ந்த கையை அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம் விஷயத்தைக் கொட்டினாள். அவன் தையல்காரன். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு பேண்டின் காலை மடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் முக்கியமான விஷயங்களைச் சொல்ல அதுதான் அவள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் நேரம்.

“எனக்கு அந்த வேலை வேணும். இத்தனை வருஷமா அந்தக் கூடத்தையே கையால ஓட்டறேன். பேர் மட்டும் வேற எவனுக்கோ. ஆனா அஞ்சு நிமிஷம் பேசணுமாம். அதுக்கு நான் டிரம்முக்குள்ள குதிச்சிடலாம்.”

அவன் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். “இந்த பேண்ட்காரர் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கார். மாடியில பேசப் பழகறதுக்கு ஒரு மன்றம் நடத்தறாராம். சனிக்கிழமை சாயந்திரம். போய்த்தான் பாரேன். கடிச்சிடவா போறாங்க?”

கடிக்கவில்லை. ஆனால் அந்த அறையே மிரட்டுவதுபோல் இருந்தது. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள்: ‘வளைவு’, ‘திரும்பாதே’, ‘முன்னால் பள்ளம்’. மேடைக்கு எதிரே, மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த நிஜமான டிராஃபிக் விளக்கு. பேச ஆரம்பித்தால் பச்சை, முடிக்கப் போகும் நேரத்தில் மஞ்சள், சிவப்பு விழுந்தால் வாயை மூட வேண்டும்.

“புது ஆள் முதல்ல!” என்றார் தலைவர். அவர்தான் டிரைவிங் ஸ்கூல்காரர். “பயப்படாதீங்கம்மா. கிளட்ச்சை மெதுவா விடுங்க.”

அவள் மேடையில் நின்றாள். பச்சை எரிந்தது. ‘வணக்கம்’ என்ற சொல் தொண்டை வரை வந்து, எட்டிப் பார்த்து, கூட்டத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது. மஞ்சள் எரிந்தது. சிவப்பு எரிந்தது. அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

பலமாகக் கைதட்டினார்கள். “இந்த மன்றத்துலேயே சரியான நேரத்துக்கு முடிச்ச முதல் ஆள் நீங்கதான்” என்றார் ஒரு பல் டாக்டர். கிண்டல் இல்லை, நிஜமாகவே பாராட்டினார்.

தலைவர் யோசித்தார். பிறகு கீழே வரவேற்பு மேசையில் இருந்த மணியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். தட்டினால் ‘டிங்’ என்கிற மணி. “பேசறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல கேளுங்க. இங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘வந்து, வந்து’ன்னு இழுக்கறது. ஒவ்வொரு ‘வந்து’வுக்கும் ஒரு மணி. தாட்சண்யமே பாக்காதீங்க.”

பல் டாக்டர் எழுந்தார். அவர் கேள்வி கேட்பார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே காலமெல்லாம் பேசிப் பழகியவர். “பல்லுங்கறது வந்து...” டிங். “அதாவது, நாம வந்து...” டிங். “என்னம்மா இது, வந்து...” டிங். தெருவில் போனவர்கள் மாடியில் ஐஸ்கிரீம் வண்டி ஏறிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவர் உஷாராக வந்தார். பேச்சில் பாதி தூரம் மணியே இல்லை. பிறகு வாய் சறுக்கியது. “நேத்து ஒரு பேஷன்ட் வந்து வந்து உக்காந்தார்.”

டிங்.

“ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், ஒரு தடவைதானே அடிச்சீங்க?” என்று அவரே கேட்டார். நேர்மையானவர்.

“முதல் வந்து சும்மா வந்துச்சு சார். ரெண்டாவதுலதான் ஆள் வந்தார்” என்றாள் அவள்.

அறை சிரித்தது. அந்த மன்றத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பேசிவிட்டோம் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. உடனே வியர்த்துக் கொட்டியது.

அதன்பிறகு வழக்குகள் குவிந்தன. இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் மணிக்குப் பயந்து, “நான் கிளையண்ட் வீட்டுக்கு வருகை தந்து” என்றார். “மணி இல்லை. ஆனா நீங்க என்ன ராஜாவா?” என்று அவள் தீர்ப்பு சொன்னாள். ‘வந்து’வை விரட்டினால் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களான ‘அதாவது’வும் ‘இப்ப பாத்தீங்கன்னா’வும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் மணி உண்டா என்று டாக்டரும் இன்ஷூரன்ஸ்காரரும் அடித்துக்கொண்டபோது அவள் எழுந்து போய் டிராஃபிக் விளக்கில் சிவப்பைப் போட்டாள். இரண்டு பேரும் கப்பென்று நின்றார்கள். “இப்ப டாக்டர் சொல்லட்டும். அப்புறம் நீங்க” என்றாள். அவர்களும் அப்படியே செய்தார்கள். அதில் ஆச்சரியப்பட ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

மணியடித்து மணியடித்து அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். ‘வந்து’ கண்ட இடத்தில் வருவதில்லை. இன்ஷூரன்ஸ்காரர் ‘என் வெற்றிக் கதை’ என்று பேசிய அன்று, ஆரம்பத்தில் மணிக்கு வேலையே இல்லை. “இந்த வருஷம் வந்து, எனக்கு வந்து, பிசினஸ் வந்து...” என்ற இடத்தில் மணி கதறியது.

அவள் மணியிலிருந்து கையை எடுத்தாள். “சார், அங்க என்ன இருக்கு?”

அவர் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “இந்த வருஷம் ஒரு பாலிசிகூட விக்கலைம்மா” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதுதான் அந்த அறை கேட்டதிலேயே நல்ல பேச்சு. ஒரு மணிகூட அடிக்கவில்லை. ‘வந்து’ என்பது கதவுக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புக் குவியல் மாதிரி, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் இப்போதெல்லாம் முன்னெச்சரிக்கையாக ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டுதான் அவளைப் பார்த்தான். “உனக்கு வந்து...” என்று ஆரம்பித்தால் அவள் கத்தரிக்கோலை மேசையில் தட்டினாள்.

எல்லாம் சரி. ஆனால் அவள் அஞ்சு நிமிஷப் பேச்சு? “இன்னும் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணலையேம்மா!” என்று தலைவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தலையில் அடித்துக்கொண்டார். அவளும் “அடுத்த வாரம் சார்” என்று சொல்லியே மாதத்தை ஓட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தது. டிரம்கள் நின்றிருந்தன.

முதலில் ஸ்பீக்கர். அவன் பேச்சில் ‘நாம்’ இருந்தது, ‘உழைப்பு’ இருந்தது, ‘சிகரம்’ இருந்தது. விரிப்பு மட்டும் இல்லை. முடித்தபோது ஜன்னல் கண்ணாடிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்து ஓய்ந்தன.

“அடுத்தது அந்தம்மா” என்றார் மேனேஜர். “அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். உங்களை வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வர்ற வேன் வந்து, அடுத்த வாரத்துலேர்ந்து வந்து, செலவெல்லாம் பாக்கும்போது வந்து...”

டங்.

லாக்கர் சாவியால் தள்ளுவண்டியின் இரும்புக் குழாயில் யாரோ தட்டியிருந்தார்கள். சாவி அவள் கையில் இருந்தது.

“யாரது?”

எல்லாத் தலைகளும் திரும்பின. நாக்கு மேலண்ணத்தை நோக்கிக் கிளம்பியது. ஆனால் அவள் மனம் முழுக்க அந்தச் செருப்புக் குவியல்தான் இருந்தது.

“சார், மூணு தடவை வந்து வந்துன்னு சொல்லிட்டீங்க. வேன் வருமா, வராதா?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். “வராது” என்றார்.

கூடம் வெடித்தது. டிரம் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய தொண்டைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஸ்பீக்கர் யார் பக்கம் கத்துகிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை. மேனேஜரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

அவள் தள்ளுவண்டி மேல் ஏறி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தாள்.

சத்தம் அறுந்து விழுந்தது. மூளை யோசிக்கும் முன்பே அவர்கள் உடம்பு அந்தச் சைகைக்குக் கட்டுப்பட்டது. ஸ்பீக்கர் ஒரு சொல்லின் நடுவில், வாயைப் பிளந்தபடியே நின்றான்.

“ஆளுக்கு ஒரு நிமிஷம்” என்றாள். “கை தூக்கறவங்க மட்டும்தான் பேசணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயைத் திறந்தா அவங்க முறை போச்சு.”

“இரும்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...” என்றார் மேனேஜர்.

“கை சார்.”

மேனேஜர் கையைத் தூக்கினார்.

அவர் தன் ஒரு நிமிஷத்தில், வேன் இரண்டு நடை போகிறது, இரண்டு நடையும் பாதி காலி, அதுதான் கட்டுப்படியாகவில்லை என்றார். மடிப்பு மேசையின் கடைசியில் நிற்கும் பெண் கை தூக்கினாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. டிரம்காரர்கள் முன்னால் வருகிறார்கள், மடிப்பவர்கள் அரை மணி கழித்து வருகிறார்கள், அதனால்தானே இரண்டு நடை, எல்லோரும் ஒன்றாக வந்தால் என்ன என்று கேட்டாள். முதல் லோடு வரும்வரை மடிப்பவர்கள் சும்மா நிற்பார்களே என்றார் மேனேஜர், மறக்காமல் கையைத் தூக்கிவிட்டு. தினம் சாயந்திரம் மடிக்காமல் மிச்சம் வைக்கிற குவியலை அப்போது மடிக்கலாம், எப்படியும் அதைக் காலையில் மடிக்கத்தானே செய்கிறோம் என்றார் ஒரு டிரம்காரர். ஸ்பீக்கருக்கும் முறை வந்தது. அவன் கையை இறக்கி, தொண்டையைச் செருமி, “அந்தப் பொண்ணு சொன்னதுதான்” என்றான். அவன் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு.

ஒரே நடை, ஒரு மாதம் பார்ப்பது என்று முடிவானது.

அவள் தள்ளுவண்டியிலிருந்து இறங்கினாள்.

“உன் அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கேம்மா” என்றார் மேனேஜர்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த ‘மதிப்பிற்குரிய’வைத் தேடினாள். அது எங்கோ ஓடிவிட்டிருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “பேசச் சொன்னா பேசறேன் சார். ஆனா ஆஸ்பத்திரி லோடு லேட்டாகும். பரவாயில்லையா?”

மேனேஜரும் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டார்.

“சரி, சரி. போய் மெஷினைப் போடச் சொல்லும்மா.”

அவள் நாலடி நடந்த பிறகுதான் நின்றாள். இத்தனை வருடங்களாக அவர் அவளிடம் ‘மெஷினைப் போடு’ என்றுதான் சொல்லியிருக்கிறார். ‘போடச் சொல்லு’ என்பது பழைய சூப்பர்வைசரிடம் மட்டும் அவர் பேசும் தமிழ். திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் அறைக்குள் போய்விட்டிருந்தார்.

அதற்குள் டிரம்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “அக்கா, மூணாவது டிரம்ல தண்ணி நிக்க மாட்டேங்குது.”

“அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?”

“பின்ன யார்கிட்டக்கா சொல்றது?” என்றார் அவர்.