மேசை பதினாலு

நாற்பதாயிரம் பேருக்குப் போன அந்தக் கடிதத்தில் ‘நிறுத்துகிறோம்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. எழுதியவள் அதைப் பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருந்தாள். ‘உங்கள் ஸ்பீக்கர்கள் தங்கள் சேவைப் பயணத்தை இனிதே நிறைவு செய்கின்றன’ என்று ஆரம்பித்து, ‘கடைசி அப்டேட்டை மறவாமல் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று முடித்திருந்தாள். மேலாளர் படித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு, பிரமாதம்” என்றார்.

வீட்டின் எல்லா அறையிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடும் ஸ்பீக்கர்களைச் செய்து விற்கும் கம்பெனி அது. அவளுக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவில் வேலை. அந்தப் பிரிவில் யாரும் சொந்தப் பெயரில் பதில் எழுதுவதில்லை. மேசை எண்தான் கையெழுத்து. அவளுடையது மேசை பதினான்கு.

நாற்பதாயிரம் பேரில் தன் மாமனாரும் ஒருவர் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. புது வீட்டுக்குக் குடிவந்தபோது, ஊழியர்களுக்கான சலுகையில் ஆறு ஸ்பீக்கர்களை வாங்கி, அவர் பெயரிலேயே பதிவு செய்து, அறைக்கு ஒன்றாக வைத்தவளே அவள்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் கடிதத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரும்மா இதை எழுதினது?”

“அதுக்குன்னு தனி ஆளுங்க இருக்காங்க மாமா.” பொய் இல்லை.

“கெட்டிக்காரன். மூணு பக்கம் படிச்ச பிறகுதான் வீட்டுல பாட்டு நிக்கப்போகுதுன்னே புரியுது.”

மாமனார் முப்பத்தொரு வருஷம் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வரவில்லை என்று வந்தவர்களுக்கு, தண்ணீர் வராது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி அனுப்பியவர். பூசி மெழுகிய வாக்கியத்தைப் பார்த்தால், எத்தனை கோட்டிங் என்று எண்ணிச் சொல்லிவிடுவார்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் வீட்டுக்குள் நாற்பது சுற்று நடக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. ஹாலில் ஆரம்பிக்கும் பாட்டு சமையலறை, படுக்கையறை, பால்கனி என்று கூடவே வருவதால்தான் நாற்பதும் நடக்கிறது.

“நிறுத்திட்டா நான் நடக்க மாட்டேன், சொல்லிட்டேன்,” என்றார். “இவதான் அங்கேயே வேலை பார்க்கிறாளே, கேட்டா போச்சு.”

மாமனாரின் முகம் இறுகியது. “அது மட்டும் கூடாது. என் சொந்தத் தம்பி வீட்டுல பதினோரு நாள் தண்ணி வரலை. வரிசையில வான்னு சொன்னேன். வீட்டு ஆளை வெச்சுக் காரியம் சாதிக்கிற பழக்கம் எனக்கு என்னைக்கும் கிடையாது. முறையா எழுதறேன். நீ இதுல தலையிடாதேம்மா.”

“சரிங்க மாமா,” என்றாள் மருமகள்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவர் கடிதம் கம்பெனிக்கு வந்தது. கணினி அதைப் பதினான்காம் மேசைக்குப் பிரித்துக் கொடுத்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து மேசைக்குத் தள்ளப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளரை ஒரு மேசை தொட்டுவிட்டால் கடைசிவரை அந்த மேசைதான் என்று கணினி மறுத்துவிட்டது. மேலாளரிடம் போய், “சார், இது என் மாமனார்” என்றாள். “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, அனுசரிச்சுப் போவாரு” என்றார் அவர்.

மாமனார் அனுசரித்துப் போகிறவர் இல்லை. கடிதத்தில் அரசு அலுவலக வழக்கப்படி ‘பார்வை’ என்று போட்டு, கேள்விகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் கேட்டிருந்தார். அவள் வழக்கமான பதிலை அனுப்பினாள். தங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம், புது ஸ்பீக்கர்களுக்குச் சலுகை உண்டு, பழையவற்றை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம், கடைசி அப்டேட்டை மறக்க வேண்டாம்.

அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் அந்தப் பதிலைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்.

“பார்த்தியா, ‘வருந்துகிறோம்’னு எழுதலை. ‘புரிந்துகொள்கிறோம்’னு எழுதியிருக்கான். வருத்தப்பட்டா பொறுப்பு வந்துடும். புரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் வராது. இந்த மேசை பதினாலு நல்லாத் தேறின ஆளு.”

மருமகளுக்குப் புரை ஏறியது. விஷயம் தெரிந்த அவள் கணவன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பாராட்டா திட்டா என்று தெரியாத ஒன்று அவள் உள்ளுக்குள் ஜில்லென்று இறங்கியது. ஆறு வருஷ வேலையில் அவள் வாக்கியத்தை யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

இப்படியே மூன்று வாரம் போனது. பகலில் அவள் எழுதுவாள், சாயங்காலம் அவர் பிரித்து மேய்வார். அடுத்த நாள் அவள் இன்னும் சுத்தமாக எழுதுவாள். “இன்னைக்குக் கொஞ்சம் அசந்துட்டான், ‘விரைவில்’னு போட்டிருக்கான், தேதி கேட்டா மாட்டிப்பான்” என்பார். அவள் மறுநாளே ‘உரிய நேரத்தில்’ என்று மாற்றிக்கொள்வாள்.

நான்காவது வாரம் வந்த கடிதத்தில் ஏழாவது கேள்வி வேறு மாதிரி இருந்தது. ‘ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒயர் செருகும் துளை ஒன்று உள்ளது. கம்பெனியின் சர்வர் நின்ற பிறகும், ஹால் ஸ்பீக்கரின் துளையில் போனைச் செருகினால் மற்ற ஐந்தும் சேர்ந்து பாடுமா? கடைசி அப்டேட் போட்ட பிறகும் பாடுமா?’

அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது மாடிக்குப் போய் இன்ஜினியரைக் கேட்டாள்.

“அப்டேட் போடலைன்னா பாடும். சர்வர் இருந்தா என்ன, போனா என்ன? அதுங்க வீட்டு வைஃபையிலேயே தங்களுக்குள்ள பேசிக்கும்,” என்றார் அவர்.

“போட்டா?”

“துளை அடைஞ்சிடும். பாதுகாப்புக்காக ஒரு கதவை மூடச் சொன்னாங்க. நேரம் பத்தலை, கதவோட சேர்த்து ஜன்னலையும் மூடிட்டோம்.”

“அப்ப அப்டேட்டைப் போடாதவங்கதான் தப்பிப்பாங்களா?”

“அதை நான் சொல்லலை,” என்று அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாற்பதாயிரம் பேரிடம் ‘மறவாமல்’ என்று சொன்னவள் அவள். மேலாளரிடம் போனாள். அவர் கொஞ்சமும் கலங்காமல், “‘பயன்பாட்டு அனுபவத்தில் மாற்றங்கள் இருக்கலாம்’னு எழுதுங்க. உண்மைதானே?” என்றார். வேறு வழியில்லாமல் அப்படியே எழுதினாள். அனுப்பிவிட்டு அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டில் மாமனார் குதிக்காத குறை.

“சொல்லிட்டான்! மேசை பதினாலு சொல்லிட்டான்!”

“என்ன சொன்னாரு மாமா? ‘இருக்கலாம்’னுதானே…”

“உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. நிஜமாவே தெரியலைன்னா ‘பின்னர் தெரிவிக்கப்படும்’னு எழுதுவான். ‘இருக்கலாம்’னா இருக்கும்! அப்டேட் போட்டா போச்சுன்னு அர்த்தம். மேல ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சுட்டு நிக்கும்போது இதுக்கு மேல எப்படிச் சொல்வான், பாவம். நல்ல மனுஷன்.”

அதன் பிறகு அவர் ஒரு வாரம் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் எந்த அப்டேட்டும் தானாக நுழையாதபடி செய்தார். வைஃபை பெட்டியின் அமைப்புகளுக்குள் போய், ஆறு ஸ்பீக்கர்களும் வெளி இன்டர்நெட்டைத் தொட முடியாமல் தடுத்தார். “வீட்டுக்குள்ள எவ்வளவு வேணா பேசிக்கட்டும். வெளியாட்களோட பேச்சு வேண்டாம்” என்று மாமியாருக்கு விளக்கம் சொன்னார். போனிலிருந்து ஓர் ஒயரை ஹால் ஸ்பீக்கரின் பின்னால் செருகினார். செய்ததையெல்லாம் பத்துப் படிகளாக எழுதி, இதே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் புலம்பும் இணையக் குழு ஒன்றில் ‘ஓய்வூதியர்’ என்ற பெயரில் போட்டார். முதல் படி: ‘கம்பெனி அவசரம் என்று சொல்வதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.’

மாதக் கடைசியில் பாட்டு அனுப்பும் சர்வர் நின்றது. அப்டேட் கொடுக்கும் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அலுவலகம் சந்தைக்கடையாகிவிட்டது. கம்பெனியை நம்பி, சொன்ன நாளில், சொன்னபடி அப்டேட் போட்ட நல்லவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் ஸ்பீக்கர்கள் ஊமையாகியிருந்தன. சோம்பேறிகளும் சந்தேகப் பிராணிகளும், கடிதத்தையே பிரிக்காதவர்களும் ஒயரைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் முப்பத்திரண்டாவது சுற்றில் இருந்தார். ஆறு அறையும் பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேலாளர் ஓடி வந்தார். “வெளியில யாரோ ஓய்வூதியராம், பத்துப் படி எழுதியிருக்காரு, ஊரே அதைத்தான் படிக்குது. அப்டேட் போடாதவங்க இன்னும் பாதிப் பேர் இருக்காங்க. அவங்களையாவது காப்பாத்திடலாம். நம்ம பக்கத்துலேயே ‘மாற்று வழிகள்’னு போட்டுடுங்க. அவர் நடை கொஞ்சம் முரடு. நீங்க தேய்ச்சு விடுங்க.”

மாமனாரின் முரட்டு நடையை அவள் தேய்த்தாள். சட்டப் பிரிவுக்காரர் வரைவைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். “கடைசி அப்டேட்டைப் போடும்படி சொல்லியே ஆகணும். அது இல்லாம பக்கம் வெளியில போகக்கூடாது.”

“சார், அதைப் போட்டா மத்த எதுவுமே வேலை செய்யாது.”

“அது தொழில்நுட்பம். எனக்குத் தெரியாது. பக்கத்துல அது இருக்கணும்.”

முதல் படியாக ‘அப்டேட்டைப் போடவும்’ என்று எழுதி, பிறகு பத்துப் படி எழுதினால், குளிப்பாட்டிவிட்டுக் கழுத்தை நெரித்த மாதிரி இருக்கும். இல்லை, நெரித்துவிட்டுக் குளிப்பாட்டிய மாதிரி. அவள் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்தில் மாமனார் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தாள். இருக்க வேண்டும் என்றார்களே தவிர, எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பதினோராம் படியாகச் சேர்த்தாள்: ‘மேற்கண்டவை அனைத்தும் திருப்திகரமாக இயங்குவதை நெடுநாள் உறுதிசெய்த பின்னர், கடைசி அப்டேட்டைப் போடுவது குறித்துப் பரிசீலிக்கலாம்.’ சட்டப் பிரிவுக்காரர் ‘அப்டேட்’ என்ற சொல்லைத் தேடினார், இருந்தது, கையெழுத்துப் போட்டார்.

பக்கம் வெளியானதும் புகார்கள் பாதியாகக் குறைந்தன. மேலாளர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவளோ வீட்டில் என்ன பூகம்பம் நடக்குமோ என்ற நினைப்போடு போனாள். தன் எழுத்தைத் திருடிவிட்டார்கள் என்று மாமனார் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்.

அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பாராட்டுக் கடிதம்.

“பதினோராவது படியைப் படிச்சியாம்மா? ‘நெடுநாள்’! ‘குறித்து’! ‘பரிசீலிக்கலாம்’! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்கியம் எனக்கு அமையலை. முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தரும் எனக்கு ஒரு நன்றிக் கடிதம் போட்டதில்லை. இந்த ஆளுக்காவது ஒண்ணு போகட்டும். மேசை பதினாலோட வேலைதான்னு பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு.” பேனாவை மூடினார். “உன்கிட்ட ஒரே ஒரு உதவி. பேரெல்லாம் வேண்டாம், அது முறை இல்லை. ஐயான்னு போடறதா அம்மான்னு போடறதா, அது மட்டும் விசாரிச்சுச் சொல்லு.”

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் ‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் விட்டு வைத்திருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அவளுக்கு மறைக்க மனம் வரவில்லை.

“அம்மான்னே போடுங்க மாமா.”

“தெரிஞ்சவங்களா?”

“நான்தான் மாமா.”

ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நன்றாகப் பரவுவதற்குள் வேறு ஏதோ ஒன்று வந்து அணைத்தது.

“நீயா… ஏழாவது கேள்விக்குப் பதில்?”

“நான்தான்.”

“அப்படின்னா… வீட்டு ஆளை வெச்சுத்தான் எனக்குக் காரியம் நடந்திருக்கு.”

“இல்லை மாமா! எல்லாருக்கும் எழுதின மாதிரிதான் உங்களுக்கும்…”

“எல்லாருக்கும் எழுதற மாதிரின்னா, எனக்காக எழுந்து போய் விசாரிச்சிருக்க மாட்டே.” அவள் போனது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவர் கணக்குப்படி, விசாரிக்காதவள் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்றுதான் எழுதியிருப்பாள். “தம்பிக்குப் பதினோரு நாள் தண்ணி விடாதவன் நான். இப்ப ஓசியில பாட்டுக் கேட்கிறேன்.”

எழுந்து போய் அந்தப் பழைய போனை எடுத்தார். கடைசி அப்டேட்டை ஆறுக்கும் போட்டுவிடுவது என்ற முடிவு அவர் நடையிலேயே தெரிந்தது. வைஃபை தடுப்பைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போதுதான் மாமியார் பால்கனியிலிருந்து முப்பத்தெட்டாவது சுற்றுக்குத் திரும்பினார். விஷயம் முழுவதையும் நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டார்.

“ஏங்க, கொள்கை யாருது?”

“என்னுது.”

“அப்ப உங்க ரூம்ல மட்டும் போட்டுக்கோங்க. என் முட்டிக்குக் கொள்கை கிடையாது.”

மாமனார் தன் படிப்பறையில் இருந்த ஒன்றுக்கு மட்டும் அப்டேட் போட்டார். பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி அணைந்தது. தடுப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, போனை மாமியாரிடமே ஒப்படைத்தார்.

பாராட்டுக் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. உறவினருக்குப் போடுவது முறையில்லை என்பதால் அனுப்பவுமில்லை. மடித்து அவள் கையில் கொடுத்தார். “படிச்சுட்டுத் திருப்பிக் கொடு. பதினோராவது வரியில ஒரு பிழை இருக்கு, திருத்தணும்,” என்றார்.

அன்றிலிருந்து தினமும் பாட்டு ஆரம்பித்ததும் மாமனார் செய்தித்தாளோடு படிப்பறையில் போய், ஊமை ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறார். கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்திருப்பார். மாமியார் அந்தப் பக்கம் சுற்றி வரும்போதெல்லாம் அதை இழுத்துச் சாத்திவிட்டுப் போகிறார். அடுத்த சுற்றுக்குள் அது எப்படியோ மறுபடியும் திறந்திருக்கிறது.