அமுதவல்லியைப் பார்க்க வந்த கூட்டம்

யாரோ கொண்டுவந்த மாலையைச் சோலையப்பன் வாங்கி ஐஸ் பெட்டியின் மேல் வைக்கப்போனபோது, சாமியானாவின் மேல் தொப்பென்று ஒன்று குதித்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் இன்னும் நாலு. பிறகு சுற்றுச்சுவரில், முருங்கை மரத்தில், நிறுத்தியிருந்த பைக்குகளின் மேல். எதிரே இருக்கும் பாறைக் கரட்டின் குரங்குகள் மொத்தமும் நாற்கரச் சாலையைத் தாண்டி அவர் மனைவியின் சாவுக்கு வந்துவிட்டன.

ஒப்பாரி நின்றது. தப்பு மேளம் நின்றது.

"தாயப் பாக்க வந்துருக்குகடி!" என்று ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான், எல்லார் கையிலும் செல்போன் ஏறியது. தாய்க்குரங்கு ஒன்று குட்டியோடு இறங்கி ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தது. கும்பிட்டவர்கள் பாதி, வீடியோ எடுத்தவர்கள் பாதி.

சோலையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. மகள் வைஷ்ணவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவத் தேடித்தானப்பா வந்துருக்கு?"

"ஆமாத்தா" என்றார். அந்த நிமிஷம் அதை முழுசாக நம்பவும் செய்தார்.

தேடி வந்தால்தான் என்ன தப்பு? அடிபட்டுச் செத்த தாய்க்குரங்கின் வயிற்றை விடாமல் பிடித்திருந்த குட்டி ஒன்றை ஆறு வருஷத்துக்கு முன் ரோட்டில் பார்த்தவள் அமுதவல்லி. அன்றைக்குப் பிடித்த பிடி. காரிலிருந்து பழம் வீசுகிறவர்களால்தான் குரங்குகள் ரோட்டுக்கு வருகின்றன என்று, வீசுகிற ஒவ்வொரு காரையும் மறித்துச் சண்டை போட்டாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு மேல் மனு. இதில் கூத்து என்னவென்றால் புருஷன் வைத்திருப்பது பழக்கடை. "திங்கவா, கொரங்குக்கா? கொரங்குக்குன்னா பழம் கெடையாது" என்று வந்த கிராக்கியை எல்லாம் விரட்டுவாள். சோலையப்பன் தலையில் அடித்துக்கொள்வார். இந்த வருஷம் ஒன்றுகூட அடிபடவில்லை என்று பொங்கலிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நேற்றுக் காலை ஒரு காரைத் திட்டி அனுப்பிவிட்டு வந்தவள், நெஞ்சை அடைக்கிறது என்று கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சந்து வழியாக அவருக்குக் கடை வாசல் தெரிந்தது. நாலு வாழைத்தாரில் இரண்டு வெறும் தண்டாகத் தொங்கின. தினமும் விடிந்ததும் தார்களைச் சாக்கு போட்டு மூடுகிறவள் அவள்தான். இன்றைக்கு யார் மூடியது?

அதற்குள் மைத்துனன் ஆத்மநாதன் ஓடிவந்தான்.

"மச்சான், ஆளுக்கு ஒரு பழம் கொரங்குகளுக்குக் குடுக்கச் சொல்லுங்க. மிச்சத் தார நான் அவுத்துட்டு வாரேன். அக்கா மனசு குளுந்துரும். டிவிக்காரன் வாரான். இனிமே வருசா வருசம் இதே நாள்ல போட்ருவோம்!"

கூட்டம் ஆரவாரித்தது. ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நடுத்தடுப்பில், பின்தங்கிப்போன இன்னொரு தாய்க்குரங்கு குட்டியோடு இந்தப் பக்கம் வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. சோலையப்பன் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் நேற்றிலிருந்து முதல்முறையாக ஒரு வெளிச்சம். அதைக் கெடுக்க அவருக்குச் சுத்தமாக மனசில்லை.

"ஒருத்தரும் குடுக்கப்படாது!" என்று கத்தினார். "அதுக இவளப் பாக்க வரல. நான் தார மூடல. பழத்துக்கு வந்துருக்குக!"

"என்ன மச்சான் பேசுறீங்க, இந்த நேரத்துல?"

"மாப்ள, பயலுகளக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பக்கமும் ரோட்ட மறி. ஒரு வண்டி வரப்படாது. பழனிச்சாமி அண்ணே, தப்ப எடுங்க. கரட்டுக்கு வெரட்டணும்!"

தப்படிக்க வந்த பழனிச்சாமி திகைத்தார். "பொணத்த இப்புடியே விட்டுட்டா?"

"அவ இருக்கட்டும்ணே. இது அவ சோலிதான்."

வைஷ்ணவி அவர் கையை விட்டாள். அவரையே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் ஒரு தட்டும் கரண்டியுமாக வந்து, "ஏய், போ! ஓடு!" என்று டமடமவென்று அடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

அப்புறம் என்ன, தப்பு அதிர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், கொண்டையை முடிந்துகொண்டவர்கள், ஒப்பாரி வைத்தவர்கள் என்று சாவு வீடே கத்திக்கொண்டு பின்னால் ஓடியது. ஆத்மநாதன் சிவப்புத் துண்டை வீசி ஒரு ஆம்னி பஸ்ஸையே நிறுத்திவிட்டான். குரங்குகள் பல்லைக் காட்டின, சீறின, பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு தட்டுக்கும் தப்புக்கும் தப்பித்துப் பாய்ந்தன. ஐஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்த தாய்தான் கடைசி. அது குட்டியோடு அந்தப் பக்கம் ஏறுகிறவரை சோலையப்பன் ரோட்டின் நடுவில் நின்றார். கூட்டம் விடாமல் கரட்டடி வரைக்கும் துரத்திக்கொண்டு போனது.

அவர் திரும்பி வந்தார். பந்தலில் ஒரு ஆள் இல்லை. கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே அவள் மட்டும் இருந்தாள். நேற்றிலிருந்து அவளோடு தனியாக இருக்க அவருக்கு வாய்க்கவே இல்லை. ஒரு நாற்காலியை நிமிர்த்திப் பெட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

மூச்சிரைப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.