கட்டாத கை

"மூச்சுக்கு டியூப் போடச் சொல்லுங்க சிஸ்டர்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் அவள் கணவர்.

கட்டிலில் கிடந்தவள் எங்கள் வார்டு நர்ஸ்தான். பதினெட்டு வருடம் என்னோடு இதே கட்டில்களுக்கு நடுவில் ஓடியவள். மருந்து ஒரு நிமிடம் தாமதமானாலும் சத்தம் போடுவாள் என்பதால் அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்திருந்தோம். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல் வரை போய்விட்டது. அன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூச்சு விட்டுவிட்டு வந்தது. டியூட்டி டாக்டர் வாசலில் நின்றார். கணவர் கேட்டால் அவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

 ஆறு வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு டியூப் போடச் சொன்னது நான். ஜெபித்தால் எழுந்துவிடுவாள் என்று அடம் பிடித்தேன். அம்மா டியூபைப் பிடுங்கப் பார்த்தாள். இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியது அலாரம்தான். பதினோராம் நாள் அம்மா போனபோதும் கைகள் கட்டியபடியே இருந்தன. அலாரத்தின் மேல் எனக்கு வருத்தமே இல்லை, என்னைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "உங்கம்மா கையை நான்தான் கட்டினேன்டி. என் கையை எவளும் கட்டக் கூடாது. நீ பாத்துக்கோ."

சரி என்று தலையாட்டியவள் நான்.

"நீங்களும் அதுல கையெழுத்துப் போட்டீங்களே அண்ணா" என்றேன் அவள் கணவரிடம்.

"அந்தப் பேப்பர் தேவையே படாதுன்னு நம்பித்தானே போட்டேன்?" அவர் குரல் உடைந்தது. "நீங்களும் ஜெபம் பண்றவங்கதானே? கர்த்தர் கொடுத்த உயிரை விட்டுடுன்னு சொல்ல எப்படி மனசு வருது?"

சுருக்கென்று தைத்தது. இதே கேள்வியை முழங்காலில் நின்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"அவர் கூப்பிடறார் அண்ணா. நாமதான் காலைப் பிடிச்சு இழுக்கிறோம். வலி தெரியாம இருக்க மருந்து போய்க்கிட்டே இருக்கு. நானும் எங்கயும் போக மாட்டேன்."

"போதும் சிஸ்டர்." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "போடுங்க டாக்டர்."

டாக்டர் டியூப் இருந்த தட்டோடு உள்ளே வந்தார். நான் இழுப்பறையைத் திறந்து பேண்டேஜ் சுருளை எடுத்துக் கணவரிடம் நீட்டினேன். கோபத்தில்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"நினைவு வந்தா டியூபைப் பிடுங்குவா. கையைக் கட்டணும். நீங்களே கட்டுங்க அண்ணா. என்னால முடியாது."

அவர் சுருளை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அதை மடியில் வைத்துவிட்டு அவள் வலது கையைத் தூக்கினார். அந்தக் கை மெல்லத் திரும்பியது. இரண்டு விரல்கள் அவர் கட்டைவிரலுக்குக் கீழே நகர்ந்து மணிக்கட்டில் நின்றன.

"என்னைப் பிடிக்கிறா சிஸ்டர்... பாருங்க."

"பிடிக்கலை அண்ணா. உங்களுக்கு நாடி பாக்கறா."

நாடி எண்ணும் பழக்கத்தில் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"சார், நேரமில்லை. என்ன செய்யட்டும்?" என்றார் டாக்டர்.

 கணவர் அவள் விரல்களிலிருந்து கையை எடுக்கவில்லை. மடியிலிருந்த சுருள் நழுவி, தரையில் அவிழ்ந்துகொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.