இரண்டாம் பிரதிவாதி

தையற்காரியின் அறை பத்திரப்படி பத்தடி அகலம். இப்போது எட்டரை அடிதான் இருந்தது. வெட்டுமேசைக்கும் நடுச்சுவருக்கும் இடையில் அவள் ஒருக்களித்துத்தான் போய்வந்தாள். இன்னும் அரை அடி குறைந்தால் மேசையை வெளியே தூக்க வேண்டியதுதான். மேசை போனால் பிழைப்பும் போச்சு.

அதனால்தான் பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் மேல் ஆக்கிரமிப்பு வழக்குப் போட்டாள். அவள் ஊரில் இல்லாத நாளில் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்பது அவள் கட்சி. தள்ளிக் கட்டியதே அவள்தான் என்று அவர் பதில் மனுப் போட்டார். ஆறு வருடம் ஓடிவிட்டது. இருவரிடமும் பத்திரம், வரைபடம், வரி ரசீது எல்லாம் இருந்தன. எதிலும் பிசகில்லை.

கோர்ட் ஐந்தாவது தடவையாகச் சர்வேயரை அனுப்பியது.

"நாலு பேர் அளந்தாச்சு சார். உங்க பங்குக்கு நீங்களும் அளங்க" என்றாள்.

அவர் அவள் அறையை அளந்தார். எட்டரை. பக்கத்து வீட்டுக்குப் போனார்; அவளும் கூடவே போனாள். பதினோரு அடி இருக்க வேண்டிய அறை ஒன்பதரை.

"பாத்தீங்களா? என் ஒன்றரை அடியை முழுங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இந்தப் பொம்பள நிக்குது" என்றார் கடிகாரக்காரர்.

"என்னதையும்தான் காணோம். நான் எங்கண்ணே ஒளிச்சு வைக்கிறது, தையல் மெஷினுக்குள்ளயா?"

சர்வேயர் தெருவில் இறங்கி, இரண்டு வீட்டையும் சேர்த்து முகப்பை அளந்தார். அது சரியாக இருந்தது.

"நடுச்சுவர் எத்தனை அங்குலம்?"

"ஒன்பது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"யார் அளந்தது?"

யாரும் அளக்கவில்லை. பத்திரத்தில் ஒன்பது என்று இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு அறைகளை மட்டும் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். சர்வேயர் கழித்துப் பார்த்தார். சுவரின் கனம் மூன்றே முக்கால் அடி வந்தது.

மூவரும் அவள் அறைக்கு வந்தார்கள். சர்வேயர் விரலை மடக்கி மூன்று முறை தட்டினார். கையை எடுத்த பிறகு நான்காவது தட்டுக் கேட்டது.

"அந்தப் பக்கம் யார் இருக்கா?"

"என் வீட்டுல நான் ஒருத்தன்தான் சார். நான் இங்க நிக்கிறேனே" என்றார் கடிகாரக்காரர்.

படிவத்தில் 'அனுபவத்தில் இருப்பவர்' என்ற கட்டத்தில் சர்வேயர் 'பெயர் தெரியாத நபர்' என்று எழுதினார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவளுடைய வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். "அந்த நபரை இரண்டாம் பிரதிவாதியா சேர்த்துருவோம். நோட்டீஸைச் சுவர்ல ஒட்டுவாங்க. யாரு வரப்போறா? ஒருதலையா தீர்ப்பு வாங்கி இடிச்சிரலாம். ஆளுக்கு ஒன்றரை அடி."

கோர்ட் நோட்டீஸ் கொண்டுவரும் அமீனா பசை டப்பாவோடு காலை பதினொரு மணிக்கு வந்தார். கடிகாரக்காரர் தன் அறையில் காவல் நின்றார். அமீனா அவள் பக்கத்துச் சுவரில் நோட்டீஸை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். காகிதம் மெல்ல நனைந்தது. பிறகு, மணலில் ஊற்றிய தண்ணீர் போல, ஓரத்திலிருந்து உள்ளே இறங்கியது. பூச்சில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

"அண்ணே, அங்க வந்துச்சா?" என்று கத்தினாள்.

"இங்க ஒண்ணும் வரலம்மா!" ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் அவளை அம்மா என்றார்.

அமீனா நோட்டைப் பிரித்து 'நேரில் பெற்றுக்கொண்டார்' என்று எழுதத் தொடங்கினார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சார். ஒட்டினேன்னு மட்டும் எழுதுங்க. வாங்கிட்டாங்கன்னு எழுதினா கோர்ட்டுக்கு வந்து நிக்க மாட்டாங்களா?"

"ஒட்டினா ஒட்டினேன்னு எழுதுவேன். வாங்கினா வாங்கினாங்கன்னுதான் எழுதணும். இருபத்தாறு வருஷ சர்வீஸும்மா."

எழுதி முடித்து, பழக்க தோஷத்தில், கையெழுத்துக்காக நோட்டையும் பேனாவையும் சுவரை நோக்கி நீட்டினார். தான் செய்வது உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டார். நோட்டு வந்தது. பேனா வரவில்லை.

உள்ளே பேனா கீறும் சத்தம் கேட்டது. ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி தொடங்கியது. பக்கம் புரண்டது.

கையெழுத்துப் போட அவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே பதில் மனு தயாராகிக்கொண்டிருந்தது.